மிச்சக் கட்டு

அந்த மழைக்காலத்தில் தபாலண்ணன் தம்முடைய சொந்த வீட்டுக்குள் குனிந்துதான் நடந்தார். கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி அவருடைய பனியன்களும் மனைவியின் நைட்டிகளும் படுக்கை விரிப்புகளும் தொங்கின. நான்கு நாளாகியும் எதுவும் காயவில்லை. ஈரத்துணியின் புளித்த வாடை அடுப்படி வரைக்கும் போய், டீ குடித்தால் டீயிலும் அது இருந்தது. நாற்பது வருடமாக அந்த வீட்டு அழுக்குத் துணி சனிக்கிழமைதோறும் ஒரே மூட்டையாக மூன்று தெரு தள்ளியிருக்கும் தம்பியின் லாண்டரிக்குப் போகும். செவ்வாய்க்கிழமை பழுப்புக் காகிதம் சுற்றிய பொட்டலமாகத் திரும்பி வரும். பொட்டலத்தைப் பிரித்தால் சூடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மூட்டை இப்போது ஏழு வாரமாக வாசல் கதவுக்குப் பின்னால் கிடக்கிறது. மூட்டை என்று சொல்வதும் சரியில்லை. மேலே மேலே போட்டு அது ஒரு ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது.

“யாரோ நிக்கிறாங்கன்னு நெனச்சு நேத்து ‘உள்ள வாங்க’ன்னு கூப்பிட்டுட்டேன்” என்றாள் மனைவி.

அவர் குனிந்து அடுத்த கயிற்றுக்கு அடியில் நுழைந்தார். ஏழு வாரமாக எதைப் பேசினாலும் அது தம்பியில் போய் முடிந்தது. அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

தபாலண்ணன் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரில்லை. முப்பத்தாறு வருடம் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் நின்றவர். நின்றவர் என்றால் நிஜமாகவே நின்றவர். சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் மரப் பலகையில் நூற்றுச் சொச்சம் அறைகள் இருக்கும், தெருவுக்கு ஒன்று. இடது கையில் கடிதக் கட்டு, வலது கை ஒவ்வொன்றாக அறைக்குள் வீசும். முகவரியை முழுக்கப் படிக்க மாட்டார். கையெழுத்தின் சாய்வைப் பார்த்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டிலுள்ள பொத்தான்களைப் பிரித்தார், ஆணிகளைப் பிரித்தார், கரண்டிகளை நீளவாரியாக அடுக்கினார். “அடுத்தது என்னைப் பிரிச்சு எந்த டப்பாவுல போடப் போறீங்க?” என்று மனைவி கேட்டாள். அவள் கணக்கு டீச்சராக இருந்தவள். யாருக்கும் பாதி மதிப்பெண் போட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

தம்பியும் கூடப் பிறந்த தம்பியில்லை, சித்தப்பா மகன். ஆனால் அந்த வித்தியாசம் தெருக்காரர்கள் பலருக்கு இன்று வரை தெரியாது. தாத்தா ஆரம்பித்த லாண்டரிக்குப் பின்கட்டில்தான் இரண்டு குடும்பமும் இருந்தன. அப்பாவுக்கு முன் அறை, சித்தப்பாவுக்கு நடு அறை, பையன்கள் இரண்டு பேருக்கும் பாய்லருக்கு அடுத்த சந்தில் ஒரே கட்டில். குளிர்காலத்தில் ஊரே நடுங்கும்போது அவர்கள் போர்வையை உதைத்துவிட்டுத் தூங்குவார்கள். காலையில் கண் விழிப்பது நீராவிச் சத்தத்துக்கு. முற்றத்தில் வரிசை வரிசையாகத் தொங்கும் வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். ஈர விரிப்பு முகத்தில் பட்டு விலகும்போது வரும் சோப்பு வாசனையைத் தபாலண்ணனால் இப்போதும் கண்ணை மூடினால் முகர முடியும். அறுபதைத் தாண்டிய ஒரு மனிதனுக்கு அதைவிட நல்ல வாசனை எதுவும் வாழ்க்கையில் கிடைக்கவில்லை என்றால், அவர் சந்தோஷமாக வளர்ந்தார் என்றுதான் அர்த்தம்.

சட்டைக் காலருக்கு உள்ளே குறி போடுவது பையன்களின் வேலை. அழியாத மையில் வீட்டுக்கு ஒரு குறி. டாக்டர் வீட்டுக்கு இரண்டு கோடு, ரொட்டிக் கடைக்கு ஒரு வட்டம். தம்பி குறி போடுவார், அண்ணன் பிரித்து அடுக்குவார். பெரியவர்களான பின் அண்ணன் தபாலுக்குப் போனார். தம்பி அங்கேயே நின்று லாண்டரியை எடுத்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “ஊர் பூராவோட துணியும் நான்தான் பாக்கறேன். இன்னும் ஒருத்தர் துணியை யாரு பாக்கறது?” என்பார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மட்டும் முப்பது வருடமாக அண்ணன் வீட்டில்தான்.

இந்த ஒழுங்கைக் கெடுத்தது இரண்டு சின்ன அட்டைப்பெட்டிகள். வேறு ஊரில் வேலையிலிருக்கும் மகள் அப்பாவின் பிறந்த நாளுக்கு அனுப்பியிருந்தாள். உள்ளே ஒரு குப்பி. அதில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் டி.என்.ஏ.வைப் பார்த்து யார் யார் சொந்தம் என்று கணினியில் பட்டியல் போட்டுத் தருவார்களாம். அண்ணன் ஒரு குப்பி, தம்பி ஒரு குப்பி.

“அரை மணி நேரம் டீ குடிக்கக் கூடாதாமே. எச்சில் எங்கேருந்து வரும்?” என்றார் தம்பி.

“என்னைத் திட்டறதா நெனச்சுக்கோ, தானா ஊறும்” என்றார் அண்ணன்.

சிரித்துச் சிரித்தே இரண்டு குப்பியும் நிறைந்தன.

பட்டியல் வந்ததும் தபாலண்ணனுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. தம்பிக்குக் கணினி ஆகாது என்பதால் அவர் பட்டியலையும் இவரே பார்த்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் நான்கு செருப்புப் பெட்டிகளை வைத்தார். அம்மாவின் அப்பா வழி, அம்மாவின் அம்மா வழி, பாட்டி வழி, தாத்தா வழி. ஒவ்வொரு சொந்தத்துக்கும் ஒரு அட்டை எழுதினார். அம்மா வழிக்காரர்கள் யாரென்று ஏற்கெனவே தெரியும், அவை முதல் இரண்டு பெட்டிக்குள் விழுந்தன. தம்பிக்கும் தமக்கும் பொதுவாக வருகிறவர்கள் அப்பா வழியில்தான் இருக்க முடியும். அவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார். எல்லோரும் பாட்டியின் ஊர்க்காரர்கள், பாட்டியின் அண்ணன் தங்கைகளின் வாரிசுகள். மூன்றாவது பெட்டி நிறைந்தது. தாத்தா பெட்டி காலியாக இருந்தது.

மேஜையில் ஏழு அட்டைகள் மிஞ்சின. ஏழு பேரும் தமக்குள் சொந்தம், தபாலண்ணனுக்கும் சொந்தம். ஆனால் யாரென்று தெரியவில்லை, கடிதம் போட்டும் பதில் இல்லை.

தபால் அலுவலகத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி புறப்படக் கால் மணி இருக்கும்போது முகவரி தெளியாத கடிதங்கள் ஒரு கைப்பிடி மிஞ்சிவிடும். பலகையில் ஒரே ஒரு அறை மட்டும் காலியாக இருந்தால், ஒரு தெருவுக்கு ஒரு நாள் முழுக்க ஒன்றுமே வராமல் இருக்காது என்று மிச்சக் கட்டை அந்தக் காலி அறைக்குள் தள்ளிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தப்பாகப் போனால் தபால்காரர் மறுநாள் திருப்பிக் கொண்டுவருவார், யாருக்கும் குடி முழுகாது. தபாலண்ணன் ஏழு அட்டைகளையும் ரப்பர் வளையம் போட்டுத் தாத்தா பெட்டிக்குள் வைத்தார். பலகை நிரம்பிய திருப்தியில் அன்று இரண்டு கப் டீ குடித்தார்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. அந்த ஏழு பேரில் ஒருவர்கூடத் தம்பியின் பட்டியலில் இல்லை.

எண்ணையும் பார்த்தார். இரண்டு பேர் எவ்வளவு பங்கு ஒத்துப்போகிறார்கள் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அண்ணன் தம்பி பெற்ற பிள்ளைகளுக்குள் எண்ணூற்றைம்பதை ஒட்டி வரும். கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம். இவர்களுக்கு வந்தது நானூற்று இருபத்தொன்று. கிட்டத்தட்டச் சரிபாதி. பாட்டி மட்டும் பொது, தாத்தா வேறு வேறு என்றால் இப்படித்தான் வரும். தபாலண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். சித்தப்பாவுக்குச் சுருட்டை முடி. அந்த வீட்டில் வேறு யாருக்கும் சுருட்டை கிடையாது. அதையும் எடுத்துக் காலி அறைக்குள் போட்டுக்கொண்டார்.

குடும்பக் கொடிவழி ஒன்றை அவர் பெரிய தாளில் வரைந்துவந்தார். உறுதியானதற்கு மைக்கோடு, சந்தேகத்துக்குப் புள்ளிக்கோடு. தாத்தாவிலிருந்து அப்பாவுக்கும் அத்தைக்கும் மைக்கோடு போனது. சித்தப்பாவின் கோட்டை ரப்பரால் அழித்துவிட்டுப் புள்ளி வைத்தார். வைத்தவர் அதைச் சுருட்டிப் பரணில் போட்டிருக்கலாம். சுவரில் மாட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி முட்டைக் குழம்பைப் பிசைந்துகொண்டே சுவரைப் பார்த்தார்.

“இது என்னண்ணே, எங்கப்பாவுக்கு மட்டும் புள்ளி புள்ளியா இருக்கு? மை தீந்துபோச்சா?”

“சாப்பிடு. அப்புறம் சொல்றேன். பதட்டப்படாதே.”

“நான் எங்கே பதட்டப்பட்டேன்? சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”

தபாலண்ணனுக்கு அப்புறம் வரை பொறுக்கவில்லை. பெட்டிகளைக் கொண்டுவந்தார். அட்டைகளை வரிசையாகப் பரப்பினார். நானூற்று இருபத்தொன்றைக் காட்டினார். அரை மணி நேரம் பேசினார். குரலைத் தாழ்த்தி, ரொம்பப் பக்குவமாகப் பேசுகிறோம் என்ற நினைப்போடு பேசினார். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை என்று மனைவி பிற்பாடு சொன்னாள்.

“சித்தப்பா பாட்டியோட பிள்ளைதான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா தாத்தாவோட பிள்ளை இல்லை. நான் வெளிய யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். என்ன ஆனாலும் உன்னை நான் விட்டுக்கொடுத்துட மாட்டேன், அதை மனசுல வெச்சுக்கோ.”

தம்பி எல்லா அட்டைகளையும் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். எதற்கோ காத்திருப்பவர் மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து கை கழுவினார்.

“குழம்பு நல்லா இருந்துச்சு, அண்ணி” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். தட்டில் பாதிச் சோறு இருந்தது.

“பெரிய மனசு பண்ணிட்டீங்க” என்றாள் மனைவி, தட்டை எடுத்துக்கொண்டே.

அடுத்த ஞாயிறு தம்பி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. துணி மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தபாலண்ணனுக்குக் கால் எழவில்லை. நீயாவது போயேன் என்று மனைவியைக் கேட்டார். “நீங்க வெச்ச புள்ளிக்கு நான் எதுக்குக் கோடு இழுக்கணும்?” என்றாள். ஒரு நாள் ரொட்டி வாங்கப் போகிற சாக்கில் லாண்டரித் தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்து பார்த்தார். கல்லாவுக்கு மேலே நாற்பது வருடமாகத் தொங்கிய தாத்தா படம் இல்லை. ஆணியும், அதைச் சுற்றி வெளுத்த சதுரமும்தான் இருந்தன. ரொட்டி வாங்காமலே திரும்பி வந்தார். படத்தையே கழற்றிவிட்டான் என்றால் மனசில் எவ்வளவு விழுந்திருக்கும் என்று நினைத்து நினைத்து ராத்திரித் தூக்கம் போனது. ஆனாலும் உண்மையைத்தானே சொன்னோம் என்று ஒரு மூலையில் வீம்பும் இருந்தது. தம்பி வேண்டும், சொன்னதும் சரியாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற வழி அவருக்குத் தெரியவில்லை.

எட்டாவது வாரம் அத்தை மகள் போன் செய்தாள். இவர்கள் இரண்டு பேருக்கும் இளையவள், இன்னொரு ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அவளும் ஒரு குப்பி நிறைத்து அனுப்பியிருந்தாள்.

“அத்தான், உங்க செருப்புப் பெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க. என் லிஸ்ட் வந்துடுச்சு.”

“சொல்லு சொல்லு. எனக்கும் உனக்கும் எவ்வளவு? எண்ணூறு தாண்டியிருக்குமே.”

“நானூத்து முப்பத்தெட்டு.”

“தம்பிக்குப் பாக்கறே. எனக்குச் சொல்லு.”

“உங்களுக்குத்தான் சொல்றேன். லாண்டரி அத்தானுக்கும் எனக்கும் தொள்ளாயிரத்து ரெண்டு.”

“மாத்திப் படிக்கிறே.”

“டாக்டருங்க கிறுக்கினதையே முப்பது வருஷமாப் படிச்சு மருந்து குடுத்துக்கிட்டிருக்கேன். யாரும் சாகலை. இது வெறும் நம்பர், அத்தான்.”

தபாலண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். தலைக்கு மேலே தொங்கிய பனியனிலிருந்து ஒரு சொட்டு அட்டை மேல் விழுந்தது.

“அந்த ஏழு பேர்... உன் லிஸ்டுல இருக்காங்களா?”

“ஒருத்தர்கூட இல்லை.” அவள் குரல் இறங்கிவிட்டது. கேலி போய்விட்டது. “இன்னொண்ணும் இருக்கு. தாத்தாவோட அண்ணன் பேரன் இருக்காரே, கப்பல்ல சமைக்கிறவர், அவர் போன மாசம் கரைக்கு வந்தார். அவரையும் துப்ப வெச்சேன். என் லிஸ்டுல வந்துட்டார். லாண்டரி அத்தானுக்கும் எனக்கும் பொதுவா யாருன்னு பாத்தா முதல் ஆளா நிக்கிறார். உங்க லிஸ்டுல தேடிப் பாருங்க.”

அவர் தேடினார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. கப்பல்காரர் இல்லை. தாத்தாவின் சொந்த அண்ணன் பேரன், இவருக்கு யாரோ.

“அத்தான்? இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“தாத்தாவோட பிள்ளை இல்லைன்னு நீங்க சித்தப்பாவை நெனச்சீங்க. அது உங்கப்பாவாத்தான் இருக்கணும். நான் இதை வேற யாருகிட்டயும் சொல்லலை. லாண்டரி அத்தானுக்கும் சொல்லலை. நீங்க பாத்துக்கோங்க.”

போனை வைத்த பிறகு அவர் தாத்தா பெட்டியைத் திறந்து மிச்சக் கட்டை வெளியே எடுத்தார். யாரோ ஏழு பேர். அவர்கள்தான் அவருடைய நிஜத் தாத்தாவின் ஆட்கள். பாட்டிக்குத் தாத்தாவுக்கு முன்னால் ஒருவர் இருந்திருக்கிறார். கணவனோ, வேறு யாரோ, இனிக் கேட்க ஆளில்லை. வயிற்றிலோ கையிலோ ஒரு பிள்ளையோடு வந்தவளைத் தாத்தா கட்டிக்கொண்டிருக்கிறார். கடைப் பலகையில் தம் பெயருக்குக் கீழே “மகன்கள்” என்று எழுதி, மூத்தவன் பெயரை முதலில் போட்டிருக்கிறார்.

அப்பா நினைவுக்கு வந்தார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர், இஸ்திரி மேஜைக்குப் பின்னாலேயே வாழ்ந்து முடித்தவர். “உங்க தாத்தா என்னை ஒரு அடி அடிச்சதில்லை. உங்க சித்தப்பாவைத்தான் பின்னி எடுப்பார்” என்று பெருமையாகச் சொல்லுவார். அப்பா துணி கொடுக்கப் போய் மழையில் மாட்டிக்கொண்டால், தாத்தா குடையை எடுத்துக்கொண்டு தெருமுனையில் போய் நிற்பார். சித்தப்பா நனைந்துகொண்டே வருவார், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மூத்த பிள்ளை மேல் அவ்வளவு பாசம் என்று பையன்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாசம்தான். தபாலண்ணனுக்கு அழுகை வந்தது. துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மறைக்காமல் அழுதார்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த நம்பரைப் பாத்தப்போ உங்களை நீங்க ஒரு தடவையாவது சந்தேகப்பட்டீங்களா?”

“இல்லை.”

“ரெண்டு பேர்ல ஒருத்தர்னுதானே வந்துச்சு?”

“ஆமா.”

“இதுக்குத்தான் நான் பிள்ளைங்களுக்கு முட்டை போடுவேன்” என்றாள். சொல்லிவிட்டு அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“இப்ப என்ன பண்றது?”

“சித்தப்பா விஷயம் தப்பு, கம்பெனிக்காரன் கோளாறுன்னு சொல்லிடலாம். அவர் மனசு ஆறிடும், ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்துடுவார். உங்க விஷயம் உங்களோட இருந்துடும். அத்தை மகளும் வாய் திறக்க மாட்டா.”

“அப்படிச் செய்யலாம்ங்கறியா?”

“செய்யலாம்னுதான் சொன்னேன். செய்யுங்கன்னு சொல்லலை.”

மதியம் மழை கொஞ்சம் விட்டது. தபாலண்ணன் வாசல் மூட்டையை இரண்டாகக் கட்டி, ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இரண்டாவது தெருவில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. லாண்டரிப் படியேறும்போது அழுக்குத் துணி அவர் முதுகிலேயே பாதி துவைந்துவிட்டது.

உள்ளே பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. தம்பி தனியாக நின்றார். வேலைக்காரப் பெண் மழைக்கு வரவில்லை. ஓட்டலுக்குப் போக வேண்டிய இரட்டைக் கட்டில் விரிப்புகள் உலர்த்தி இயந்திரத்திலிருந்து சூடாக வந்து மேஜையில் மலையாகக் கிடந்தன. அதை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. தம்பி ஒரு முனையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணனைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார்.

“அங்க வைக்காதே, ஈரம். தொட்டி ஓரமா வை.”

வைத்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, கொக்கியிலிருந்த முனையைக் கழற்றிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு முனையாகப் பின்னுக்குப் போய் விரிப்பை இழுத்து உதறினார்கள். முனையோடு முனை சேர்க்க நடந்து வந்து, அண்ணன் தம் முனைகளைத் தம்பி கையில் கொடுத்து, குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னுக்குப் போனார். ஆறு வயதிலும் எட்டு வயதிலும் ஸ்டூல் போட்டு ஏறி ஆரம்பித்த வேலை. ஒரு வார்த்தை தேவையில்லாமல் கை தானாகப் போனது. முதல் விரிப்பு முடிந்து இரண்டாவதும் முடிந்தது.

மூன்றாவதில் தபாலண்ணன் வாயைத் திறந்தார்.

“அந்த டி.என்.ஏ. விஷயம் தப்பாப் போச்சுடா. கம்பெனிக்காரன்...”

நடந்து வந்து முனையைக் கொடுக்க வேண்டிய நேரம். தம்பியின் முகம் ஒரு சாண் தள்ளியிருந்தது. நீராவியில் சிவந்த முகம், கண்ணுக்குக் கீழே இரண்டு மாதத்துக் கருப்பு. அண்ணன் முனையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

“கம்பெனிக்காரன் இல்லை. நான்தான் தப்பு. சித்தப்பா தாத்தா பிள்ளைதான். எங்கப்பாதான் இல்லை.”

தம்பி முனையை வாங்கிக்கொண்டார். மடித்தார். “சரியாப் பாத்தியா?”

“அத்தை மகள் பாத்தா. கப்பல்காரரும் ஒத்துப்போறார், உனக்கும் அவளுக்கும். எனக்கு மட்டும் இல்லை. அந்த ஏழு பேரைத் தாத்தா ஆளுங்கன்னு நெனச்சேன். மிச்சமா இருந்துச்சு, காலியா ஒரு பெட்டி இருந்துச்சு, போட்டுட்டேன்.”

“தபால்காரன் புத்தி.”

“ஆமா.”

அடுத்த விரிப்பு. உதறினார்கள்.

“தாத்தா படத்தை நீ கழட்டிட்டேன்னு பாத்தேன். உன்னைக் கழட்ட வெச்சுட்டேனேன்னு எனக்குத் தூக்கமே இல்லை. அதைத் திரும்ப மாட்டுடா. அது உன் தாத்தாதான்.”

“சுவத்துல மழை ஒழுகுது. படம் நனையக் கூடாதுன்னு எடுத்து பீரோவுல வெச்சிருக்கேன்” என்றார் தம்பி. “நீ அதையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டுட்டியா?”

தபாலண்ணன் மடிப்பை மறந்து நின்றார். தம்பி விரிப்பை இழுத்து அவரை ஞாபகப்படுத்தினார். நடந்தார்கள், மடித்தார்கள்.

“நான் என்ன நெனச்சுக்கிட்டிருந்தேன்னு தெரியுமா உனக்கு?”

“தாத்தா உனக்குத் தாத்தா இல்லைன்னு...”

“அது ரெண்டு நாள் இருந்துச்சு, போயிடுச்சு. அவர் போய்ச் சேந்தே நாப்பது வருஷம் ஆச்சு. நீ அன்னைக்கு அரை மணி நேரம் பேசினே, அண்ணே. அட்டை காட்டினே, நம்பர் காட்டினே. வெளிய சொல்ல மாட்டேன்னே. விட்டுக்கொடுக்க மாட்டேன்னே. எல்லாம் சொன்னே. ‘அதனால என்னடா’ன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு உன் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். படி இறங்கறப்பகூட மெதுவாத்தான் இறங்கினேன், நீ பின்னால வந்து சொல்லுவேன்னு.”

பாய்லர் ஒரு முறை பெருமூச்சு விட்டு அடங்கியது. கூரையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“இப்ப சொல்லட்டுமாடா?”

“நீ இப்ப எப்படிச் சொல்லுவே? இப்ப அது உன் விஷயமாயிடுச்சு.”

“ஆமா” என்றார் அண்ணன். தலை குனிந்துகொண்டது. தம்பி மூன்று தெரு தள்ளி ஏழு வாரம் எப்படி இருந்திருப்பார் என்பது அந்தச் சில நிமிடங்களில் அவருக்கு உடம்பிலேயே தெரிந்தது. ஒருவர் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது அவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

தம்பி கையிலிருந்ததைக் கடைசி மடிப்பு மடித்து, ஓரங்களை உள்ளங்கையால் நீவி, அடுக்கின் மேல் வைத்தார். குவியலிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்து உதறினார்.

“அதனால என்னண்ணே” என்று சொல்லி, இரண்டு முனைகளை அவர் பக்கம் நீட்டினார்.